அஞ்சு செக்கண்டு அண்ணன்

குன்னத்துகால், காரக்கோணம், தனுவச்சபுரம் பக்கம் போனால் வார்டுக்கு ஒருவராவது அகப்படுவார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கல்ஃபில் ஏதோ கம்பெனியின் ஐ.டி. பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், அல்லது கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு இன்னும் போய் வந்துகொண்டிருப்பவர். ரப்பர் கொஞ்சம், வாழை கொஞ்சம், மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர். கணக்கை மலையாளத்தில் போடுவார். கோபம் தமிழில் வரும்.

சர்வரில் இருப்பதெல்லாம் கல்யாண வீடியோதான். அதுவும் ஏராளம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நட்டவர்கள் சம்பந்தம் செய்வதை நிறுத்தவில்லை. ஆகவே அண்ணனுக்குச் சித்தி களியக்காவிளையில், மச்சினன் மார்த்தாண்டத்தில், பெரியம்மை பாறசாலையில். இரண்டு மாநிலத்துக் கல்யாணங்களும் மாடிப்படிக்கு அடியில் வந்து சேருகின்றன.

சர்வரில் இசட்.எஃப்.எஸ். ஓடுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மாத்யூ அஹ்ரென்ஸும் 2001-ல் எழுதத் தொடங்கி, 2005-ல் ஓபன்சோலாரிஸோடு வெளியே வந்த கோப்பு முறை அது. வங்கிகளும் ஆய்வுக்கூடங்களும் நம்பி ஓட்டும் சரக்கு. அதில்தான் சித்தி மகள் கல்யாணத்தின் பந்திக் காட்சி பத்திரமாக இருக்கிறது.

அண்ணனின் கவலை வேறு. கரண்டு போனால்?

எல்லைப் பக்கத்தில் துலாமாசத்து மதியத்துக்கு மேல் ஒருதடவை இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை விளங்கும். இடி மேற்கிலிருந்து வருகிறதா கிழக்கிலிருந்தா என்று பார்ப்பதற்குள் கரண்டு போயிருக்கும். இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அது விழித்து எழுந்திருக்கிற கண்சிமிட்டும் நேரத்தில் டியூப்லைட் தாங்கும், சர்வர் தாங்காது. இதைவிடப் பெரிய ஆபத்து அண்ணனின் அம்மை. வானம் இருட்டினால் போதும், "இடி வருதுலே, பிளக்க எல்லாம் புடுங்கு" என்று டி.வி., மிக்ஸி, சார்ஜர் என வரிசையாக உருவிக்கொண்டே வந்து, கடைசியில் மாடிப்படிக்கு அடியிலும் குனிவார். எண்பது வயதில் அந்தக் குனிவைத் தடுக்கும் தைரியம் யாருக்கும் கிடையாது.

அப்போது போவது எது? இங்கேதான் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். இசட்.எஃப்.எஸ். வந்த தரவையெல்லாம் உடனுக்குடன் டிஸ்கில் எழுதாது. ராமில் சேர்த்து வைத்து, சாதாரணமாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கும். 'எழுதியாச்சு என்று உறுதி சொன்னால்தான் நகருவேன்' என்று பிடிவாதமாகக் கேட்கும் நிரலுக்கு மட்டும் லாக் என்று ஒரு தனிக் குறிப்பேடு உண்டு. ரப்பர் ஷீட்டு எடுக்கிற கடைக்காரர் எடையைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் பேரேட்டில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவாரே, அந்தச் சீட்டுதான் இது. இடையில் கடைக்காரருக்கு ஒன்று ஆனால் மட்டுமே யாரும் அதைத் தேடி எடுத்துப் படிப்பார்கள். இல்லையென்றால் ஒருவரும் படிக்காமலே குப்பைக்குப் போகும். இந்தச் சீட்டை மெயின் டிஸ்கிலேயே எழுதலாம், எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. தனியாக ஒரு வேகமான டிரைவில் எழுதினால் காத்திருப்பு குறையும். அவ்வளவே விஷயம்.

அந்த 'அவ்வளவே'க்காக அண்ணன் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவிட்டார்.

முதலில் அளவு. டீக்கடையில் மலையாளப் பேப்பரின் ஓரத்தில் கணக்குப் போட்டார். வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட். விநாடிக்கு மிஞ்சிப்போனால் 125 எம்.பி. வரும். ஐந்து விநாடிக்கு 625. மூன்று சுற்று தேங்கினாலும் 2 ஜி.பி. தாண்டாது. "2 ஜி.பி. மதியாக்கும்" என்றார். டீக்கடைக்காரர் 2 ஜி.பி. என்றதும் மொபைல் ரீசார்ஜ் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கா மாசத்துக்கா என்று கேட்டார்.

அடுத்து ஜாதி. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி. சரிப்படாது. 'உறுதியாக எழுதிவிட்டுச் சொல்' என்று கேட்டால், பெட்டியில் போட்டிருக்கிற வேகத்தை அதனால் காட்ட முடியாது, மூச்சு வாங்கும். டேட்டாசென்டர் வகையில் கெப்பாசிட்டர் உண்டு. கரண்டு போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் மிச்சமிருக்கும். அதனால் உடனே சரி சொல்லிவிடும். இந்தக் கெப்பாசிட்டரைத் தேடித்தான் அண்ணன் டிரைவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்பது மைனியின் வாக்குமூலம்.

எட்டு ஜி.பி. டிராமை வைத்தே செய்த ஜியூஸ்ராம் என்று ஒரு டிரைவ் இருந்தது. அதன் பேரைச் சொல்லும்போது அண்ணனுடைய குரல் தாழும். ஆனால் அவர் மனம் நின்றது ஆப்டேனில். இன்டெலும் மைக்ரானும் 2015-ல் அறிவித்த புது வகைச் சில்லு. 2022 ஜூலையில் இந்தத் தொழிலையே மூடுகிறோம் என்று இன்டெல் சொல்லிவிட்டது. கம்பெனி கைவிட்ட பொருள் என்றால் நமக்கெல்லாம் பயம் வரும். அண்ணனுக்குப் பக்தி வந்தது. "இனி இது கிடைக்காது" என்பதை அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், நாமும் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்துவிடலாமா என்று தோன்றும்.

ஆப்டேனின் 58 ஜி.பி., 118 ஜி.பி. டேட்டாசென்டர் வகைகளுக்குக் கரண்டு போனாலும் தாங்கும் பாதுகாப்பு உண்டு, விலையும் உண்டு. கடைசியில், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 16 ஜி.பி. ஆப்டேன் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் இருக்கும் ஒருவர் வழியாக வரவழைத்தார். அதில் கெப்பாசிட்டர் கிடையாதே என்று கேட்டால், அதில் தேக்கி வைக்கிற டிராமும் கிடையாது, எழுதுவது நேரே சில்லுக்கே போகும், பிறகு இழக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார். பதில் சரியானதுதான். அண்ணனிடம் இதுதான் தொந்தரவு. அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும்.

பார்சலைப் பிரித்த அன்று மைனி வந்து எட்டிப் பார்த்தார். சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைத் துண்டு.

"இது எதுக்காக்கும்?"

"கரண்டு போனா கடைசி அஞ்சு செக்கண்டுல எழுதினது போயிராதா?"

"அஞ்சு செக்கண்டுல நீங்க என்னத்த எழுதிப் போட்டிய?"

அண்ணன் பதில் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

மாட்டியாயிற்று. ஒரு வாரம் கழித்துக் கணக்கெடுத்துப் பார்த்தால் லாக் டிரைவில் எழுதப்பட்டது பூஜ்யம். அதில் வியப்பில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து வீடியோவை இழுத்துப் போட்டால், பெரும்பாலும் அது உறுதிமொழி கேட்டு நிற்பதில்லை. டேட்டாபேஸும், என்.எஃப்.எஸ். மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களும்தான் அப்படிக் கேட்கும். பந்திக் காட்சி கேட்காது.

வேறு ஆள் என்றால் அதைக் கழற்றி விற்றிருப்பார். அண்ணன் செட்டிங்கில் போய், எது வந்தாலும் லாக்கில் குறித்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும் என்று மாற்றிவிட்டார். டிரைவுக்கு வேலை கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் காத்திருப்பு கிடைத்தது.

"முன்ன சடார்னு ஏறுமுல்லா, இப்ப என்ன இந்த இழு இழுக்குது?" என்றார் மைனி.

"முன்ன எழுதாமலே எழுதியாச்சுன்னு சொல்லிட்டிருந்தது. இப்பத்தான் நேர்மையா இருக்கு."

ஊரில் யாருடைய போனில் இடம் நிறைந்தாலும் அண்ணனிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டார். போட்டோவையெல்லாம் ஏற்றிக் கொடுத்து, கட்டன்சாயாவும் கொடுத்து, பழைய கதை ஒன்றும் சொல்லி அனுப்புவார். ஆரம்ப காலத்து இசட்.எஃப்.எஸ்.ஸில், பூல் பதிப்பு 19 வருவதற்கு முன்பு, லாக் டிரைவ் செத்தால் டிஸ்குகளெல்லாம் சேர்ந்த மொத்தப் பூலுமே திறக்காமல் போகலாம் என்ற கதை. இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. லாக் மட்டும் செத்தால் மறுபடி மெயின் டிஸ்கிலேயே குறிக்கத் தொடங்கிவிடும். லாக்கும் கரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் அந்த ஐந்து விநாடி போகும். இதையும் அண்ணனே சொல்வார். சொல்லி முடித்ததும் முகம் கொஞ்சம் வாடும்.

போன ஓணத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து வந்த மருமகன், இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டான்.

"மாமா, இந்த வீடு மேல இடி விழுந்து டிஸ்க் எல்லாம் கரிஞ்சா, வேற எடத்துல ஒரு காப்பி இருக்கா?"

"இந்த வருஷம் அதுக்குப் பைசா இல்ல மக்கா," என்றார் அண்ணன். "லாக்குக்கு இன்னொரு ஆப்டேன் வாங்கி மிரர் போடணுமாக்கும்."