மாமியார் வீட்டுக்குப் போன பேரன்

ஏலே பேராண்டி, நேத்து ராத்திரி நீ போன்ல அழாத குறையாப் பேசினத ஒங்க ஆச்சி தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கோவப்படாதலே. ஜெர்மனிக்குப் படிக்கப் போயிருக்கன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. எனக்கென்னமோ நீ வாக்கப்பட்டுப் போயிருக்க மாதிரிதான் தெரியுது.

சீரு செனத்தியில ஒரு கொறையும் இல்ல. 23 கிலோ வீதம் ரெண்டு பெட்டி. பருத்தி நிறுக்கிற தராசுல தூக்கி மாட்டி ஒங்க ஆச்சி நாலு தடவ நிறுத்தா. புளி, பருப்புப்பொடி, நார்த்தங்கா ஊறுகா, போதாததுக்கு ஒரு குக்கரு. அந்த ஊர்ல புளி கெடைக்காதாட்டின்னு கேட்டதுக்கு என்னையப் பாத்தா பாரு ஒரு பார்வை! குக்கரு மூணாவது விசில் அடிக்கவும் பக்கத்து ரூம்காரன் வந்து கதவத் தட்டுனான்னு பொலம்புன. தட்டாம வேற என்ன செய்வான்? ராத்திரி 10 மணிக்கு மேல அங்க சத்தம் கூடாதுன்னு நீதான சொன்ன. 11 மணிக்குச் சாம்பார் வைக்கணும்னு ஒனக்கு எந்த வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு?

நகைநட்டு சங்கதி அதவிட வேடிக்கை. விசா வேணும்னா 11,904 யூரோவ மொத்தமா ஒரு கணக்குல போட்டுப் பூட்டிரணும், அதுலருந்து மாசம் 992 தான் கைக்கு வரும்னு நீ சொன்னப்ப, நான் மெல்ல ஒங்க ஆச்சி மொகத்தப் பாத்தேன். எங்க அம்மையும் அப்படித்தாம்லே. இவ போட்டுக்கிட்டு வந்த 16 பவுனையும் "பத்திரமா இருக்கட்டும் தாயி"ன்னு வாங்கிப் பூட்டிட்டா. கொடைக்குக் கொடை ஒரு சங்கிலி மட்டும் வெளிய வரும். ஆனா ஜெர்மன்காரன் நல்லவன், வருசம் முடியிறதுக்குள்ள அம்புட்டையும் குடுத்துருதான். எங்க அம்மை குடுக்கல.

மாமியார் வீட்டுல மொத நாள் அடுக்களையில எது எங்க இருக்குன்னு பாக்கணும். நீ என்ன பாத்த? வீட்டுக்குக் குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள ஊர் ஆபீசுல போயி இன்ன தெரு, இன்ன வீடுன்னு பதிஞ்சாகணுமாம். வீட்டுக்காரரு கையெழுத்துப் போட்ட காயிதம் வேணும், ஆபீசுல முன்கூட்டியே நேரம் வாங்கணும். பதிஞ்சதுக்குத் தார சீட்டு கையில இல்லாம பாதிச் சோலி நகராது. ஐயா என்னடான்னா மொத வாரம் பூரா தொங்கு ரயிலுக்கு அடியில நின்னு போட்டோ புடிச்சு அனுப்புதீக. டார்ட்மண்ட் யூனிவர்சிட்டிக்குள்ள வவ்வா மாதிரித் தொங்கிக்கிட்டு ஓடுத அந்த ரயிலு 1984லருந்து ஓடுதாம்லா. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கயும் போயிராது. மொதல்ல போயிப் பதி.

பாடம் முடிஞ்சதும் பயலுவ எல்லாம் மேசைய டொக்கு டொக்குன்னு தட்டவும் ஏதோ கலவரம்னு பைய எடுத்தியாம். அது கைதட்டுலே! அங்க மேசையத் தட்டுததுதான் மரியாதை. இன்னொண்ணு. அங்க 1 வாங்குனா கெட்டிக்காரன், 4 வாங்குனா தப்பிச்சான், 5 வாங்குனா பெயில். அஞ்சு மார்க்கு வாங்கிட்டேன்னு பெருமையா ஒங்கப்பனுக்குப் போன் போட்டுராத. காலி பாட்டில மிசின்ல போட்டா 25 சென்ட் தருதான்னு அதிசயப்பட்டியே, நம்மூரு சோடாக்கடையில இது எந்தக் காலத்துலயோ உண்டு. மிசின்தான் கெடையாது.

ஊரு நெனப்பு ரொம்ப வந்தா பக்கத்துல ஹாம்ங்கிற ஊருக்குப் போயிட்டு வா. கோபுரத்தோட காமாட்சி அம்மன் கோயிலு, 2002ல கும்பாபிசேகம் நடந்தது. எழுப்புனவுக இலங்கைச் சண்டையில ஊர விட்டு ஓடிவந்த நம்ம தமிழ் ஆளுக. பெட்டிய நாலு தடவ நிறுத்து வழியனுப்ப அவுகளுக்கு ஒரு ஆச்சி வாய்க்கல. பிரசாதம் வாங்கித் தின்னுக்கிட்டே அத ஒரு நிமிசம் நெனச்சுக்கோ.

ஆனா நம்ம பயலுவ ஆறு பேரு ஒரே ரூம்ல கூடி, ரசஞ்சோறு தின்னு, ராத்திரி பூரா படம் பாக்கோம்னியே, அதுதான் எனக்குச் சரிப்படல. ஆச்சியும் இப்படித்தான். வந்த புதுசுல அவ ஊர்க்காரி ஒருத்தி கெணத்துத் தெருவுல இருந்தா. பொழுது விடிஞ்சா அங்க, பொழுது சாஞ்சாலும் அங்க. ஆறு மாசம் கழிச்சும் அடுத்த வீட்டுக்காரி பேரு இவளுக்குத் தெரியல. ஒனக்கு அந்தக் கஷ்டங்கூட இல்ல. அடுத்த ரூம்காரன் தானாவே வந்து கதவத் தட்டிட்டான். சாம்பார 8 மணிக்கே வச்சு, ஒரு கிண்ணத்துல ஊத்தி அவங்கிட்ட நீட்டு. பாஷை தெரியலன்னா என்ன, ஒறப்புக்கு அவன் கண்ணுல தண்ணி வந்தா தன்னால பேசுவான்.

நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கடையெல்லாம் பூட்டிக்கெடக்கும். பாலும் ரொட்டியும் இன்னைக்கே வாங்கி வச்சுக்கோ. சரி, ஆச்சி வாரா. அந்த 16 பவுன் பேச்சு அவ காதுல விழுந்தா இன்னைக்கு எனக்குக் கஞ்சி கெடையாது. போன வைலே.