கரிசல் மேல கார் நிறுத்தப்போற மருமகனுக்கு

ஏ மருமகனே, வா, இப்படித் திண்ணையில உக்காரு. கார் ஷெட்டு கட்டப்போறியாமே, உங்க அத்தை சொன்னா. சந்தோசம். உங்க தாத்தா மாட்டை வேப்பமரத்து நிழல்ல கட்டிட்டு வண்டியை வெயில்ல விட்டாரு. உங்கப்பா சைக்கிளைச் செவுத்துல சாத்துனாரு. நீ காருக்கே வீடு கட்டுறே. போன்ல படம் காட்டுனியே, பாத்தேன். சிவப்பும் கறுப்புமா கட்டம் போட்ட டைல்ஸ், பட்டனைத் தட்டுனா ஏறுற ஷட்டர், மேல நீல லைட்டு. எல்லாம் அம்சமா இருக்கு. கீழ என்ன போடப்போறேன்னு கேட்டதுக்கு, “அதான் மாமா, நாலு இஞ்சு கான்கிரீட்டு, கொத்தனார் பாத்துக்கிடுவாரு”ன்னே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தப்பா எடுத்துக்கிடாதே. நாப்பது வருசம் கரண்டி பிடிச்ச ஆளு, சிரிப்பு தானா வருது.

நீ ஷெட்டுப் போடப்போற மூலைக்கு ஒரு கதை இருக்கு. உங்கம்மா சொல்லியிருக்க மாட்டா, அண்ணன் மானம் போகுமேன்னு. நீ பிறக்குறதுக்கு முந்தி, அதே எடத்துல வில்வண்டி நிறுத்த ஒரு சிமெண்டுத் தரை வேணும்னாரு உங்கப்பா. நான் அப்பத்தான் கையாள் வேலையிலருந்து கரண்டிக்கு ஏறுன புதுசு. தலைக்கனம் வேற. பங்குனி மாசம், கரிசல் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. கோழிக்குஞ்சு தவறி விழுந்தா தாய்க்கோழி கெணத்தை எட்டிப் பாக்குற மாதிரிதான் பாக்கணும், அப்படி வெடிப்பு. அது மேல ரெண்டு கூடை மணலைத் தூவி, திமிசுக்கட்டையால நாலு குத்துக் குத்தி, கலவையைப் போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்ச்சு விட்டேன். தெருவே வந்து முகம் பாத்துட்டுப் போச்சு. ஐப்பசியில அடைமழை. தரை நடுவுல பானை வயிறு போட்டுருச்சு. கேட்டு தரையில இடிச்சு நின்னு, திறக்கவும் முடியல, சாத்தவும் முடியல. உங்கப்பா ஒரு வாரம் செவுரேறிக் குதிச்சுத்தான் வயக்காட்டுக்குப் போனாரு. அத்தோட என்கூடப் பேச்சை நிறுத்துனவரு உனக்குக் காது குத்துறப்பதான் திரும்பப் பேசுனாரு. தாய்மாமன் மடி வேணுமே, வேற வழி?

அதனால மருமகனே, டைல்ஸைப் பத்தி அப்புறம் பேசுவோம். மண்ணைப் பத்திப் பேசுவோம்.

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம்னு இந்தப் பக்கம் பூராவும் இதே கரிசல் சீமைதான். பருத்திக்குத் தாய், கட்டடத்துக்குப் பங்காளி. தண்ணி குடிச்சா வீங்கும், காஞ்சா சுருங்கும். அதுக்குள்ள கெடக்குற களிக்கு மான்ட்மோரிலோனைட்டுன்னு பேராம், சைட்டுக்கு வந்த ஒரு இன்ஜினியர் தம்பி சொல்லிக்குடுத்தாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு வீங்கிப்போச்சு.

நீ படிச்சவன், கணக்குப் போடு. 12 அடி அகலம், 18 அடி நீளம், 4 இஞ்சு கனம். மொத்தம் 72 கன அடி கான்கிரீட்டு. அது மட்டுமே 5 டன் இருக்கும். உன் சின்னக் காரு ஒரு டன் பக்கம். ஆறு டன்னைத் தூக்கி வச்சா மண்ணு அடங்கிக் கெடக்கும்னுதானே நினைக்கிறே? 216 சதுர அடியில பரப்பிப் பாரு. சதுர அடிக்கு 28 கிலோகூட வரல. நனைஞ்ச கரிசலுக்கு அது பொன்னாடை போத்துன கனம். மரியாதையா வாங்கிக்கிட்டு எந்திரிச்சு நிக்கும்.

நீ பாத்த வீடியோவுல வெள்ளைக்காரன் தரைக்கு அடியில ஜல்லியப் பரப்புனானே, எதுக்குன்னு கேட்டியா? அவன் ஊர்ல மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு தரையைத் தூக்கும். அங்க உறைஞ்சு தூக்குது, இங்க குடிச்சுத் தூக்குது. நீ “நமக்குத்தான் பனியே இல்லையே மாமா”ன்னு அந்த எடத்தை ஓட்டிவிட்டுட்டு, அவன் கடைசியா அடிச்ச பெயிண்டோட நம்பரை மட்டும் எழுதி வச்சிருக்கே. கெட்டிக்காரன்.

ரெண்டு மூணு அடி கரிசலை வெட்டி வெளிய எடு. அதுக்குக் கீழயும் கரிசல்தான் இருக்கும், பாதாளம் வரைக்கும் தோண்ட உன்னால ஆகாது. வெட்டுன எடத்துல கிராவல் மண்ணு கொட்டு. ஆறாறு இஞ்சாக் கொட்டி, தண்ணி தெளிச்சு, வாடகைக்கு மிஷின் எடுத்து இடி. மொத்தமா ரெண்டு அடியும் ரொப்பிட்டு மேல மட்டும் இடிச்சா மேல மட்டுந்தான் இறுகும். ஆத்து மணல் மலிவாக் கெடைக்குதுன்னு எவனாவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பு. நான் பண்ணுன அதே தப்பு அது. மணல் தன் வழியா விடுற தண்ணி பூராவும் கீழ இருக்குற கரிசலுக்குப் பந்தி வச்சுரும்.

கிராவலுக்கு மேல, ஒண்ணுக்கு நாலுக்கு எட்டுன்னு ஒன்றரை ஜல்லி போட்டு 3 இஞ்சு அடித்தளம். அது மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு. இம்புட்டையும் எவனும் பாக்க மாட்டான், போட்டோவுலயும் விழாது. செலவுல பாதி இங்கதான் போகும். உனக்கு வயிறு எரியத்தான் செய்யும், மோர் குடி.

வாஸ்துக்காரரு வாயு மூலையில கார் நிக்கணும்னாராமே. தாராளமா நிக்கட்டும். அதே வாயு மூலையிலதான் உங்க மாடித் தண்ணிக் குழாயும் இறங்குது. கரிசலு சும்மா வீங்கிக் கெடுக்குறதை விட, ஒரு ஓரம் மட்டும் நனைஞ்சு கெடுக்குறதுதான் அதிகம். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் காஞ்சு கெடந்தா தளம் நடுவுல முறியாம என்ன செய்யும்? குழாயைத் தள்ளிக் கொண்டுபோ. அத்தை ஆசையா நட்ட வாழையை அந்தச் செவுத்தோரத்துல இருந்து பேத்து வேற எடத்துல வை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதே. தளத்துக்கு வாசலைப் பாத்து அடிக்கு ஒரு நூல் வாட்டம் குடு. 18 அடிக்கு 18 நூலு, ரெண்டேகால் இஞ்சு. கார் கழுவுன தண்ணி தன்னால வெளிய ஓடும். ஓடுற தண்ணி எதிர்வீட்டு வாசல்ல போய் நிக்காமயும் பாத்துக்கோ. தெருச் சாக்கடையை மூடிச் சரிவு போட்டு அதுக்கு ராம்ப்னு பேரு வைக்கிற வேலையும் வேண்டாம்.

இனி கான்கிரீட்டு. ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணு, முக்கால் ஜல்லி. சிமெண்டு 16, 17 மூட்டை ஆகும். மணலோ எம்-சாண்டோ 30 கன அடி, ஜல்லி 60 கன அடி. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கோ. இதெல்லாம் கொத்தனாருக்கே தெரியும். அவருக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்குறது ஒண்ணே ஒண்ணு, தண்ணி. மூட்டைக்கு 30 லிட்டர்தான் எல்லை, அதுக்குக் கீழ நின்னா இன்னும் நல்லது. ஆனா கலவை கெட்டியா இருந்தா இழுக்க இடுப்பு நோகும். அதனால நீ டீ வாங்கப் போற நேரம் பாத்து ஒரு வாளி கூடுதலா விழும். திரும்பி வந்து பாத்தா கலவை கேப்பக்கூழ் மாதிரி தன்னால ஓடும். நீயும் “ஆகா, என்ன பதம்!”னுவே. கூடுதலா ஊத்துன தண்ணி வெயில்ல ஆவியாப் போயிரும், அது இருந்த எடம் ஓட்டையா நிக்கும். டீயை வேற ஆளை விட்டு வாங்கு. நீ வாளிக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரு. அன்னிக்கு உனக்கு வேற வேலை கிடையாது.

கம்பி விசயத்துல உன் கூட்டாளி ஒருத்தன், “மாடிக்குத்தான் கம்பி, தரைக்கு எதுக்கு?”ன்னானாம். இன்னொருத்தன் போடச் சொன்னானாம், ஆனா தரையோட தரையா. ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு. மாடித்தளம் கீழ தொய்யும், அதனால நடு எடத்துல கம்பி அடியில இருக்கும். தரைத்தளம் மண்ணு மேல படுத்துக் கெடக்கு. வெயில் படுறது மேல, காஞ்சு சுருங்குறது மேல, வெடிக்கிறதும் மேல. 8 எம்எம் கம்பியை 8 இஞ்சுக்கு ஒண்ணா ரெண்டு பக்கமும் கட்டி, மேல் முகத்துலருந்து ஒன்றரை ரெண்டு இஞ்சு கீழ நிக்கிற மாதிரி கட்டை குடுத்துத் தூக்கி வை. கலவை போடுறவன் அது மேலயே நடந்து மிதிச்சுக் கீழ தள்ளிட்டுப் போவான். அப்புறம் அது பள்ளிகொண்ட பெருமாள்தான், உள்ள படுத்துக் கெடப்பாரு, எந்திரிச்சு உதவ மாட்டாரு. டிராக்டரோ லோடு வண்டியோ உள்ள வரும்னா 4 இஞ்சு பத்தாது, 6 இஞ்சாப் போடு.

தூணும் வீட்டுச் செவுரும் தளத்தைத் தொடுற எடத்துல அரை இஞ்சுத் தெர்மாகோல் வச்சுப் பிரிச்சு விடு. வீடு ஆழமான அஸ்திவாரத்துல நிக்குது, தளம் மண்ணோட ஏறி இறங்கும். பங்காளி வீட்டுக்கு நடுவுல சந்து விடுற மாதிரின்னு வச்சுக்கோ. ஒட்டிக் கட்டுனா என்ன ஆகும்னு உங்க குடும்பத்துக்கு நான் சொல்லவேண்டியதில்ல.

அப்புறம் கோடு. கான்கிரீட்டு வெடிக்காதுன்னு சொல்றவன் ஏமாத்துறான். அது வெடிக்கத்தான் செய்யும், எங்க வெடிக்கணும்னு நாம சொல்லலாம், அவ்வளவுதான். நம்மூர்க் கடலைமிட்டாய் போடுறவரு என்ன செய்யிறாரு? பாளத்தைத் தேய்ச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கோடு கீறிருவாரு. அப்புறம் ஒடைச்சா கோட்டுலதான் ஒடையும். ஆறவிட்டுக் கீறுனா கோணமாணலாத் தெறிக்கும். அதே சங்கதிதான். நெடுக்க ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு, நாலு பாளம். கனத்துல கால்வாசி, ஒரு இஞ்சு ஆழம். மறுநாள் பொழுது விடியுறதுக்குள்ள கட்டிங் மிஷின் வச்சுக் கீறிரணும். “அழகு கெட்டுப் போகுமே மாமா”ன்னு இழுக்காதே. நீ கீறலன்னா அதுவே கீறிக்கிடும், அதோட கையெழுத்து உன்னை விட மோசம்.

மேல் வேலை வெயில் ஏறுறதுக்குள்ள முடியணும். தண்ணி மேல மிதக்கும்போது சிமெண்டைத் தூவி மினுக்குவாங்க, விடாதே. நாலு மாசத்துல மாவு மாவாப் பேத்துக்கிட்டு வரும். மணியாசுக் கட்டையால தேய்ச்சு, அத்தை இன்னும் என்மேல வீசாத புது விளக்குமாறு ஒண்ணு எடுத்து லேசா இழுத்து விடு. சொரசொரப்பு இருந்தாத்தான் மழையில டயர் வழுக்காது, நீயும் வழுக்க மாட்டே. தெரு நாய்க்குக் காவல் ஆள் போடு. ஈரத் தளத்துல அதுங்களுக்குத்தான் முதல் கிரகப்பிரவேசம்.

மூட்டையில பிபிசின்னு போட்டிருந்தா 10 நாளு, ஓபிசின்னா 7 நாளு ஈரம் காயக் கூடாது. பாத்தி கட்டி நிறுத்துனா ஓரத்துல கசிஞ்சு கரிசலுக்குத்தான் போகும். சணல் சாக்கை நனைச்சுப் போட்டு மூடு, காயக் காயத் தெளி. முழு பலம் வர 28 நாள் ஆகும். சின்னக் காருதானே, ரெண்டு வாரம் கழிச்சு மெதுவா ஏத்திக்கோ.

அதுவரைக்கும் வண்டியை உங்க தாத்தா மாடு கட்டுன வேப்பமரத்தடியில நிறுத்து. காக்கா எச்சத்தைக் கழுவிக்கிடலாம்.