தாய்மாமன் சீர், சைஸ் 40

படிப்பை முடித்து, தேசிய சேவையையும் முடித்து, முதல் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கும் பையனுக்குத் தன் அளவுச் சட்டையைக் கைப்பேசியிலேயே பார்த்து வீட்டுக்கு வரவழைக்கத் தெரியும். ஆனால் அதற்குள் அவன் அம்மா தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில், பஃபலோ ரோட்டுப் பக்க வாசலில், தாய்மாமா வந்து நிற்பார். கையில் குடை, சட்டைப் பையில் பேனா, முகத்தில் பெண் பார்க்கக் கிளம்பியவரின் பொறுப்பு.

சிராங்கூன் துணிக்கடைகளில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பார்கள். இவர் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கி, விட்டுப் பார்த்து, "பாலியஸ்டர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த அடுக்குக்கு நகர்வார். சீட்டில் நூறு விழுக்காடு பருத்தி என்று அச்சடித்திருக்கிறதே என்று பையன் காட்டினால், "அச்சடிச்சவனா போட்டுக்கிட்டு வெயில்ல நடக்கப்போறான்?"

யார் இவருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்று கேட்கக்கூடாது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டவர். கல்யாணத்துக்கும் இவர் சீர் வந்தாக வேண்டும். ஆனால் ஆண் பிள்ளை விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து, முப்பது வருடம் தாய்மாமனுக்கு உருப்படியான வேலை எதுவும் கிடையாது. அந்தக் குறையை நேர்முகத் தேர்வு தீர்த்துவைத்தது. தாம்பாளமும் தேங்காயும் இல்லை, நாதஸ்வரம் இல்லை. மற்றபடி இதுவும் சீர்தான்.

மாமாவின் அனுபவம் மொத்தம் ஒரே ஒரு நேர்முகத் தேர்வு. எழுபதுகளில், செம்பவாங் கப்பல் பட்டறையில். சட்டை பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல். அவரிடம் கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள்: பெயர் என்ன, திங்கட்கிழமை வர முடியுமா? வேலையை வாங்கிக்கொடுத்தது அந்தச் சட்டைதான் என்று இன்றுவரை நம்புகிறார். அப்போது சிங்கப்பூரில் ஆளுக்குத் தட்டுப்பாடு என்பதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பயனில்லை.

முடி விஷயத்தில் மட்டும் அவருடைய பதற்றத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதே எழுபதுகளில் அரசாங்க அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்: நீள முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள். முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மறைக்கக்கூடாது, பின்னால் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று படம் போட்டே விளக்கியிருந்தார்கள். மாமாவின் அந்தக் காலத்துப் புகைப்படத்தில் மூன்று குற்றமும் இருக்கின்றன, பெல்பாட்டத்தோடு சேர்த்து. தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் காரியத்தை முடித்துக்கொண்டு போக, பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு நாளைக் கழித்தவருக்கு, மருமகன் காதோரத்தில் நாலு முடி தொங்கினால் வயிற்றைக் கலக்காதா?

கடை எது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. முதலில் முஸ்தபா. 1971-ல் கேம்பல் லேனில் துணிக்கடையாகத் தொடங்கியது அது. தங்கம், மருந்து, மாம்பழம், தொலைக்காட்சி எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. ஆகவே அங்கே போய்ச் சட்டை வாங்குவதுதான் முறை, மற்றதை வாங்குபவர்கள் வழி தவறியவர்கள் என்பது மாமாவின் கட்சி. ஆனால் வழி தவறுபவர்களில் முதல் ஆள் அவரேதான். ஆண்கள் பகுதிக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு பயணப்பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்திருப்பார், பாதாம்பருப்பு விலையை இரண்டு பொட்டலத்தில் ஒப்பிட்டிருப்பார். காசு கட்டிய பிறகு பையின் வாயை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோல் தேடும்வரை வாங்கியதை மாற்ற யாருக்கும் மனம் வராது. மாமாவுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது தனி அரசியல். பையன் வெள்ளைச் சட்டையோடு வெளிர்நிறக் கால்சட்டை ஒன்றை எடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா பிடுங்கி வைத்துவிடுவார். "மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளைன்னா அது வேலைக்கு மனுப் போடறவன் உடுப்பில்லடா, தேர்தலுக்கு மனுப் போடறவன் உடுப்பு." 1959-லிருந்து மக்கள் செயல் கட்சிக்காரர்கள் அந்த நிறத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது உண்மைதான். சரியென்று வெளிர்நீலத்தை எடுத்தால் அது பாட்டாளிக் கட்சி. கடைசியில் வெளிர்நீலச் சட்டைக்குக் கருநீலக் கால்சட்டை என்று உடன்பாடு ஆகும். கால்சட்டை கறுத்துவிட்டால் கட்சி தெரியாதாம்.

அளவில் சிக்கல் பெரிது. பையனுக்கு மார்பு 38. மாமா 40 எடுப்பார். வளர்கிற பிள்ளை என்று சொல்ல முடியாது, இருபத்தைந்து வயதாகிறது. அதனால் காரணத்தை மாற்றிக்கொண்டார்: "வேலை கெடச்சதும் உட்கார்ந்தே இருப்ப. ஆறு மாசத்துல தொப்பை வந்துரும்." வராத வேலையின் வராத தொப்பைக்கு இப்போதே இரண்டு அங்குலம் ஒதுக்கிவைக்கும் இந்தத் தொலைநோக்கை எந்தக் காப்புறுதி முகவரிடமும் நான் பார்த்ததில்லை.

பிறகு கோட்டு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், முப்பத்திரண்டு பாகை வெயிலும் வியர்வையும் வருடம் முழுக்க இருக்கிற ஊரில் கோட்டு எதற்கு என்று கேட்பவர்கள் ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடங்களுக்குள் நுழைந்து பார்க்காதவர்கள். லீ குவான் இயூ குளிர்சாதனத்தை அவ்வளவு புகழ்ந்தது சும்மா இல்லை. உள்ளே விரல் விறைக்கும். மாமாவின் திட்டம் ராணுவத் துல்லியமானது: ரயிலில் கோட்டு கையில். நிலையத்திலிருந்து கட்டடம்வரை கையில். கீழ்த்தளக் கழிப்பறையில் முகத்தைத் துடை. மின்தூக்கிக் கதவு மூடியதும் மாட்டு. கதவு திறக்கும்போது நீ அதிகாரி.

திட்டம் நல்ல திட்டம்தான். தேர்ந்தெடுக்கும் கோட்டில்தான் வில்லங்கம். காசு கொடுத்து வாங்குவது ஒரே நாளோடு நின்றுவிடக்கூடாது என்பதால், அடுத்து வரும் கல்யாண வரவேற்புகளுக்கும் ஆகிற மாதிரி லேசாக மினுங்கும் துணியைப் பிடித்திருப்பார். கைப்பகுதியில் நிறுவனத்தின் பெயர்த்துணி தைத்திருக்கும். அதைப் பிரிக்க விடமாட்டார்: "வெல குடுத்திருக்கோம், பேரு தெரியட்டும்." பின்பக்கத் திறப்பைப் பெருக்கல் குறிபோல் நூல் போட்டுப் பிடித்திருப்பார்களே, அது கடையில் தொங்கும்வரை மடிப்புக் கலையாமல் இருப்பதற்கு. மாமா அதை வேலைப்பாடு என்று நினைக்கிறார். இந்த வழக்கைத் தேக்கா சந்தை மேல்மாடியில்தான் தீர்த்துவைப்பார்கள். கீழே மீனும் ஆட்டுக்கறியும், மேலே சேலையும் சுடிதாரும் தையல் இயந்திரமும். கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருக்கும் தையற்காரர் பெயர்த்துணியையும் நூலையும் ஒரு வார்த்தை பேசாமல் நறுக்கிப் போடுவார். 40-ஐ 38-க்குப் பிடிக்கவும் அவருக்குப் பையன் கண்ணால் காட்டினால் போதும். மாமா தே குடிக்கக் கீழே போகும் நேரத்துக்காக அவர் காத்திருப்பார்.

காலணி ஒன்றில்தான் மாமா தோற்றுப்போவது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பாலும் வெள்ளைக் காலணி போட்டுப் போனவர்கள். கறுப்புத் தோலை முதலில் காலில் மாட்டியது தேசிய சேவையில். பாலிஷ் தடவி, பஞ்சை ஈரமாக்கி, வட்டம் வட்டமாகத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவர அவனுக்குச் சார்ஜன்ட் கற்றுக்கொடுத்திருக்கிறார், திட்டோடு. மாமா வாயைத் திறந்து மூடிக்கொள்வார்.

மருமகள் விஷயம் வேறு. அவளுக்கு வேண்டியது கறுப்பு பிளேசரும் நேர்க்கால்சட்டையும். மாமா சேலைக்கடை வாசலில் நின்று, கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு உள்ள கம்பீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் சிட்டி ஹால் பக்கம் போய், சொந்தக் காசில் வாங்கி, பையை அவர் கையில் கொடுத்துவிடுவாள். பிரித்துப் பார்ப்பார். "என்னம்மா இது, கால்சட்டையில பையே இல்ல? தைக்க மறந்துட்டானா?" உலகப் பெண்களெல்லாம் பல காலமாகக் கேட்டுவரும் கேள்வியை மாமா தற்செயலாகக் கேட்டுவிட்ட ஒரே தருணம் அது. துணியும் குறைந்திருக்கிறது, ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்லியிருக்கலாம் என்று உடனே கெடுத்துவிடுவார்.

வீட்டில் அக்கா மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் போடக்கூடாது. சட்டையோ வெளிர்நீலம். மாமா யோசித்து, கால்சட்டைக்குள் போகிற அடிஓரத்தைக் காட்டுவார்.

இவ்வளவும் முடிந்தபின் நேர்முகத் தேர்வு காணொளிவழி என்று தெரியவரும். அல்லது, நேரில் போய்ப் பார்த்தால் எதிரே மூன்று பேர் டி-சட்டையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் காலில் சிலிப்பர்கூட இருக்கும். பையன் வந்து குறைப்பட்டுக்கொள்வான். மாமா அசரமாட்டார். "அவன் வேலையில இருக்கான். நீ வேலைக்குப் போறவன்." இதற்குப் பதில் சொல்ல மனிதவளத் துறைப் புத்தகம் எதிலும் இடமில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது என் கட்சி.

போனால் ஒன்றுக்குத் தயாராக இருக்கவேண்டும். உடுத்திப் பார்க்கும் அறைக் கதவைத் திறந்துகொண்டு பையன் வெளியே வந்து, "மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது அங்கே மாமா இருக்கமாட்டார். நாலு அடுக்குத் தள்ளி, கழுத்துப்பட்டி முன்னே நிற்கும் முன்பின் தெரியாத ஒரு பையனையும் அவன் அப்பாவையும் பிடித்துவைத்திருப்பார்.

"தம்பி, கோடு போட்டத கீழ வை. எந்தக் கம்பெனி? சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."