கோட்டையும் கொட்டாங்குச்சியும்

மஸ்லின் துணிக்காக சதுரங்கப்பட்டினம் வந்த டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள், ஆங்கிலேயர் பிடித்தார்கள், இப்போது தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஊரே கொசுவின் ஆட்சியில்.

காய்ச்சல் வந்தால் பக்கிங்காம் கால்வாயைத் திட்டுவது நம் வழக்கம். பாவம் கால்வாய்! சாக்கடை நீரெல்லாம் கியூலெக்ஸ் கொசுவுக்கு. டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் அம்மாளோ ஆசாரம் மிக்கவர். நாம் குடிக்கப் பிடித்துவைத்த டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி போதும் அவர் முட்டையிட. சில நூறு மீட்டருக்கு மேல் பறக்கவும் மாட்டார். ஆகவே கடித்தவர் பெரும்பாலும் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளர்ந்தவர்.

கொசு நோய் பரப்பும் என்பது புதுச் செய்தியல்ல. அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். பக்கத்துக் கல்பாக்கத்தில் அணுவையே பிளக்கிறோம். டிரம்முக்கு மூடி போடும் தொழில்நுட்பம்தான் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

கொசுவுக்குப் புகையடிக்கும் வண்டி வரும். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவைத் தொடாது. நாமும் இருமல் வருமென்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், கொசுக்களோடு சேர்த்து.