கோப்ளினுக்கும் உயிர் வெல்லம்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மகன் நான்கு நண்பர்களைக் கூட்டி வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, 'ஓகர் அடிச்சிட்டான், ஓகர் அடிச்சிட்டான்' என்று அலறுகிறான். அறையில் ஓகர் என்று யாரும் இல்லை. டாக்டரிடம் காட்டலாமா?
– கவலையில் ஒரு தகப்பன்

பதில்: வேண்டாம். பையன் ஆடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்த ஆட்டம். நாலைந்து பேர் ஆளுக்கொரு வீரன், திருடன், மந்திரவாதி என்று வேஷம் கட்டுவார்கள். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மழை, சத்திரக்காரர், ராஜகுமாரி, ஓகர் என்ற முரட்டுப் பூதம் எல்லாமே அவர்தான். வெட்டு விழுந்ததா, காற்றோடு போனதா என்பதை 20 முகப் பகடை சொல்லும். மகனுக்கு ஒன்றும் இல்லை. ஆட்டப் புத்தகங்களின் விலையைப் பார்த்த பிறகு வேண்டுமானால் நீங்கள் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: முதல் லெவல் ஆட்டக்காரர்கள் நாலு பேர். பாவம் என்று நாலே நாலு கோப்ளின்தான் விட்டேன். மூன்று பேர் காலி. இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை.
– புது டி.எம்.

பதில்: 'நாலே நாலு' என்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. 2014 விதிப்புத்தகப்படி கோப்ளின் என்ற குட்டிப் பிசாசு ஒன்றுக்கு 50 அனுபவப் புள்ளி; நாலுக்கு 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் வந்தால் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கச் சொல்கிறது புத்தகம். ஆக 400. முதல் லெவல் ஆள் ஒருவருக்கு 'உயிருக்கு ஆபத்து' என்ற எல்லை 100 புள்ளி. நாலு பேருக்கு 400. அச்சாகப் பொருந்திவிட்டது பாருங்கள்!

பெருக்கல் எதற்கு? சண்டையைத் தீர்மானிப்பது யார் பலசாலி என்பதைவிட, எந்தப் பக்கம் கை அதிகம் என்பதுதான். நாலு கோப்ளின் என்றால் சுற்றுக்கு நாலு அம்பு. ஒரு அம்பு பட்டால் சராசரியாக 5 ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) போகும். ஆரம்ப மந்திரவாதியின் ஹெச்.பி. ஆறோ எட்டோ. இரண்டு அம்பில் ஆள் தரையில். அம்பை விட்டுவிட்டு அதே மூச்சில் புதருக்குள் பதுங்கும் திறமையும் கோப்ளினுக்கு உண்டு. 2024 பதிப்பில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். அம்புகளை எடுக்கவில்லை. முதல் லெவலில் இரண்டு கோப்ளின் போதும். ஒன்றைத் தூங்கவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: அப்படியானால் கூட்டமே வேண்டாம், ஒரே ஒரு ஓகரை நிறுத்தினால் நியாயமாக இருக்குமா?
– கூட்டம் பிடிக்காதவர்

பதில்: கணக்கைப் பாருங்கள். ஓகருக்கு 450 புள்ளி, அதாவது மேலே பெருக்கி வந்த நாலு கோப்ளின் கணக்கைவிட 50 அதிகம். அவன் தடி ஒருமுறை இறங்கினால் சராசரி 13. ஆறு ஹெச்.பி. மந்திரவாதி மேல் அது விழுந்தால் ஆறு போக மிச்சம் ஏழு. மிச்சம் ஆளின் மொத்த ஹெச்.பி.யைத் தொட்டாலே நேராக மரணம் என்பது விதி. மயக்கம், வைத்தியம், கடைசி வசனம் எதற்கும் இடமில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருவர் புது வேஷத்துக்குப் பெயர் யோசித்துக்கொண்டு மிக்சர் கொறிப்பார்.

கேள்வி: பகடையைத் திரைக்குப் பின்னால் போட்டு, எண்ணை மாற்றிச் சொல்லலாமா?
– மனசாட்சி

பதில்: சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை மாட்டிக்கொண்டால் அப்புறம் நிஜமாகவே 20 விழுந்தாலும் நம்பமாட்டார்கள். எண்ணில் கை வைக்காமல் ஓகரின் எண்ணத்தை மாற்றுங்கள். அவன் எதற்கு வந்தான்? பசிக்கு. மயங்கி விழுந்த மந்திரவாதியை மேலும் மேலும் அடிப்பானேன்? தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு குகைக்கு நடையைக் கட்டுவான். மற்ற மூவரும் துரத்துவார்கள். மந்திரவாதி பிழைக்க ஒரு வழி இருக்கும், ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு கதையும் கிடைக்கும். பகடையும் சுத்தம்.

கேள்வி: ஐந்தாம் லெவல் ஆட்களுக்குச் சவால் எண் 5 உள்ள மிருகத்தை விட்டேன். சிரித்துக்கொண்டே கொன்றுவிட்டார்கள். எண்ணில் பிழையா?
– கணக்கு வாத்தியார்

பதில்: சவால் எண் என்பது 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பின் வரவு. 2014 பதிப்பு சொல்வது இவ்வளவுதான்: போதிய ஓய்வும் ஆயுதமும் உள்ள, அதே எண் லெவலில் இருக்கும் நாலு பேர், யாரும் சாகாமல் சமாளிக்கக்கூடிய எதிரி. சிரித்துக்கொண்டே சமாளிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. தவிர, ஒரு நாளில் இப்படி ஆறு முதல் எட்டு மோதல் வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உங்கள் ஆட்கள் ஒரு சண்டை முடிந்ததும் கூடாரம் அடித்து எட்டு மணி நேரம் தூங்குகிறார்களா? பிறகு எந்த மிருகத்தை விட்டு என்ன?

கேள்வி: மூன்று மாதம் கட்டிக் காத்த என் சிவப்பு டிராகன் இரண்டே சுற்றில் செத்துப்போனது. அழுகை வருகிறது.
– டிராகன் பிரியை

பதில்: அதை எங்கே வைத்திருந்தீர்கள்? மண்டபத்தின் நடுவில், புதையல் மேல், முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்த்தியிருப்பீர்கள். வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 2014 புத்தகத்தில் 256 ஹெச்.பி.; ஒரே சுற்றில் 80 அடி பறக்கும்; தீ மூச்சு 60 அடி பாயும், சராசரி சேதம் 63. புத்தியோ அந்த மேஜையில் பலருக்கு இல்லாத அளவு. பறக்கத் தெரிந்தது, நெருப்புத் துப்பத் தெரிந்தது, வாள் எட்டும் தூரத்தில் எதற்காக இறங்கும்?

தனி ஆளாக நிற்கும் எந்த மிருகத்துக்கும் இந்த வியாதி உண்டு. அது ஒருமுறை அடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் நாலு முறை அடித்துவிடும். அதனால்தான் ஆட்டத்தை எழுதியவர்களே டிராகனுக்கு மூன்று 'லெஜண்டரி ஆக்‌ஷன்' கொடுத்தார்கள்; மற்றவர் முறை முடிந்ததும் இடையில் புகுந்து வாலால் ஒரு போடு போடலாம். மந்திரத்தில் சிக்கினால் 'பலிக்கவில்லை' என்று உதறவும் நாளுக்கு மூன்று வாய்ப்பு. இவற்றையெல்லாம் மறந்துவிட்டுத்தானே ஆடினீர்கள்? அடுத்த டிராகனைக் கூரைக்கு வெளியே வையுங்கள். பாதி ஹெச்.பி. போனால் பறந்து தப்பட்டும். இரண்டு வாரம் கழித்து, ஆட்டக்காரர்கள் மறந்திருக்கும் நேரம் பார்த்து, அவர்கள் தங்கியிருக்கும் ஊருக்கு வரட்டும்.

கேள்வி: எங்கள் சண்டை ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் இழுக்கிறது. கடைசி ஒரு மணி நேரம் கொட்டாவிதான்.
– தூக்கம் வந்தவர்

பதில்: முடிவு தெரிந்த சண்டையைக் கடைசிக் கோப்ளின் வரை அடித்தால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த 'பேசிக்' பதிப்பில் இதற்கு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு மிருகத்துக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனத்தெம்பு எண். மிருகங்களின் பக்கம் முதல் சாவு விழும்போது ஒருமுறை, பாதிப் பேர் விழும்போது இன்னொரு முறை, இரண்டு ஆறுமுகப் பகடை போடவேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். கோப்ளினுக்கு 7, ஒவ்வொரு சோதனையிலும் 36-ல் 15 வாய்ப்பு ஓடுவதற்கு. எலும்புக்கூட்டுக்கு 12, இரண்டு பகடையில் 12-ஐத் தாண்ட முடியாது, அதனால் அது ஓடவே ஓடாது. ஏற்கெனவே செத்தவனுக்கு என்ன பயம்!

என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் எழுதப்பட்ட மிக நல்ல விதி இதுதான். கோப்ளின் உங்கள் ஆட்டக்காரருக்கு அனுபவப் புள்ளி தருவதற்காகப் பிறக்கவில்லை. கோழி திருட வந்தது. உயிர் போகும் என்று தெரிந்தால் கோழியைப் போட்டுவிட்டு ஓடும். ஓட முடியாமல் மூலையில் மாட்டியது கத்தியைக் கீழே போட்டு, 'தலைவர் இருக்கும் குகைக்குப் பின்வாசல் காட்டுகிறேன்' என்று கும்பிடும். அதன்பின் கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். கட்டிப் போடுவதா, நம்புவதா, சாப்பாடு போடுவதா என்று வாதாடுவார்கள். எச்சரிக்கை: பெயர் கேட்டுவிட்டார்கள் என்றால் அந்தக் கோப்ளின் இனி உங்கள் கையில் இல்லை. தத்து எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: என் கட்சிக்காரர்கள் பெரிய லெவல். கோபோல்டு போன்ற பொடியன்களை இனி விடவே முடியாதா?
– அலுத்துப்போன டி.எம்.

பதில்: 1987-ல் 'டிராகன்' பத்திரிகையின் 127-ஆம் இதழில் ஆசிரியர் ரோஜர் மூர் இதற்குப் பதில் எழுதிவிட்டார். டக்கர் என்ற டி.எம்.மின் கோபோல்டுகள் பற்றிய கட்டுரை. குறுகலான வழி, சுவரில் அம்பு விடும் ஓட்டை, முன்னாலும் பின்னாலும் தீ, பெரிய ஆள் நுழைய முடியாத சுரங்கம். இவ்வளவுதான் அவற்றின் சொத்து. கீழே பெரிய பெரிய பேய்கள் இருந்தும் வீரர்கள் நடுங்கியது இந்தப் பொடியன்களுக்குத்தான். கோபோல்டுக்கு 2014 கணக்கில் வெறும் ஐந்து ஹெச்.பி. வீடு அவர்களுடையது என்பதே பலம்.

கேள்வி: மிரட்டலாகவும் இருக்கவேண்டும், ஒருவரும் சாகவும் கூடாது. அப்படி ஒரு மிருகம் உண்டா?
– இளகிய மனம்

பதில்: ரஸ்ட் மான்ஸ்டர். கைகாக்ஸ் சல்லிசாக வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்றைப் பார்த்து உருவானது. ஆந்தைத் தலைக் கரடியும் அதே பையிலிருந்து வந்த உறவுதான். இதன் உணவு இரும்பு. கடித்தால் பெரிதாக வலிக்காது. ஆனால் 1,500 பொற்காசு கொடுத்து முழுக் கவசம் வாங்கிய வீரன் அதைக் கண்டதும் டிராகனைக் கண்டதைவிட வேகமாக ஓடுவான். ஓர் இரும்பு ஆணியை வீசினால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும் என்று கண்டுபிடிப்பவருக்குச் சண்டையே இல்லை.

கேள்வி: நம் ராட்சசர்கள் யாராவது அதில் இருக்கிறார்களா?
– இலங்கை வேந்தனின் தூரத்து உறவு

பதில்: 1977-ல் வந்த முதல் மான்ஸ்டர் மேனுவல் என்ற மிருகப் புத்தகத்திலேயே ராட்சசர் ஒருவர் இருக்கிறார். புலித்தலை; பிந்தைய பதிப்புகளில் உள்ளங்கை புறங்கையாகத் திரும்பியிருக்கும். ராமாயணம் படித்து வந்தவர் அல்ல, 'கோல்சாக்' என்ற அமெரிக்க டி.வி. தொடர் பார்த்து வந்தவர். மந்திரித்த அம்பு பட்டால் சாவார் என்பதும் அங்கிருந்து வந்ததே. விரும்பிய உருவம் எடுப்பார், மனதைப் படிப்பார். அதனால் அவரை வாளோடு வாசலில் நிறுத்தாதீர்கள். விருந்துக்கு அழைக்கும் பெரிய மனிதராக அனுப்புங்கள். மாரீசன் என்ன செய்தான்? ஒரு அடி அடிக்கவில்லை. பொன்மானாக ஓடி ராமனை ஒரு பக்கமும், குரல் கொடுத்து லட்சுமணனை இன்னொரு பக்கமும் பிரித்தான். 'கட்சியைப் பிரிக்காதே' என்பது இன்றும் ஆட்டக்காரர்களின் முதல் பாடம்.

கேள்வி: வெல்லவே முடியாத எதிரியை விடலாமா?
– பிடிவாதக்காரர்

பதில்: 1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதிய 'கால் ஆஃப் கதுலு' என்ற வேறோர் ஆட்டத்தில் கதுலு என்ற பெரும்பூதம் எதிரே வந்தால் சுற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை காலி. அங்கே ஆயுதம் உங்கள் கால்கள். விடலாம், ஆனால் ஓட ஒரு கதவை வையுங்கள். கதவு இருப்பதையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

கேள்வி: இன்று இரவு எட்டு மணிக்கு ஆட்டம். ஒன்றுமே தயார் செய்யவில்லை. அவசரம்!
– ஏழே முக்கால்

பதில்: மிருகத்துக்கு என்ன வேண்டும், எங்கே நிற்கிறது, எப்போது ஓடும். மூன்றையும் பஸ் டிக்கெட் பின்னால் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த இதழில் பொறிகளும் புதையலும். கேள்வி ஓர் அஞ்சலட்டைக்குள் இருக்கட்டும். உங்கள் வீரனின் முழு வாழ்க்கை வரலாற்றைத் தயவுசெய்து இணைக்காதீர்கள்.