வயர் ஒன்று, கம்பனி நான்கு

கேள்வி: மெல்பேர்னில் இருக்கிற என் மகன் மூன்று தரம் இன்டர்நெட் கம்பனி மாற்றிவிட்டான். வீட்டுக்கு வந்த வயர் மட்டும் மாறவே இல்லையாம். எப்படி?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அம்மா, நம் கிண்ணியாப் பாலம் திறந்த அதே 2009இல்தான் ஆஸ்திரேலிய அரசு என்.பி.என். கோ என்ற கம்பனியைத் தொடங்கியது. பாலத்துக்குச் சொந்தமாக பஸ் ஓடாதல்லவா? அதுபோல, இந்தக் கம்பனி வயர் போடும். வீடுகளுக்கு நேரே விற்காது. நாடெங்கும் 121 சந்திப்பு நிலையங்கள். மகன் வீட்டு வயர் அதில் ஒன்றுக்குப் போய்ச் சேரும். அதற்கப்பால் டெல்ஸ்ட்ரா, ஒப்டஸ் போன்ற சில்லறைக் கம்பனிகளில் யாருக்குக் காசு கட்டுகிறாரோ அவர் பொறுப்பு. கம்பனி மாறினால் கணினியில் பெயர் மாறும், அவ்வளவே. இரவு எட்டு மணிக்கு உங்கள் வீடியோ கோல் உறைந்து நின்றால் வயரைத் திட்டாதீர்கள். சில்லறைக் கம்பனி மொத்தவிலைக்கு வாங்கிய கொள்ளளவு போதாமலும் இருக்கலாம்.

நம் ஊரில் வயர் போட்டவரே பில்லும் அனுப்புகிறார். ரோசத்தோடு கம்பனி மாற்றினால் சுவரில் இன்னொரு ஓட்டை போடவேண்டும்!

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்று. உலகக் கடற்படைகளெல்லாம் கண்வைத்த துறைமுகம் நம்முடையது. நம் இன்டர்நெட்டை வெளிநாடுகளோடு இணைக்கும் சீ-மீ-வீ 5 கடலடிக் கேபிளோ மாத்தறையில் போய்க் கரையேறியது. உப்புவெளிக் கடலைப் பார்த்தபடி நீங்கள் எடுக்கும் கோல், கடலைத் தேடித் தீவின் மறுகரைக்கு ஓடுகிறது.