கன்னியா வாளியும் தோலின் பொய்ச் சாட்சியும்

இவ்வாய்வுக்கான பிரச்சினை எழுந்த இடம் இலங்கைத்துறை முகத்துவாரம். நேரம் மார்கழிக் கடைசியில் ஒரு நாள், விடியப்புறம் ஐந்தரை மணி. களப்பு கடலோடு சேரும் அந்த வாயில் வாடைக்காற்று கேட்டுக் கேள்வியில்லாமல் வீட்டுக்குள் வரும். வெப்பமானி 24 பாகை காட்டியது. திண்ணையில் இரண்டு உடம்புகள். ஆய்வுப்பொருள் ‘அ’, என் மாமா. துவாயைக் காது மூடத் தலையில் கட்டி, பழைய சாரத்தைத் தோளில் போர்த்துக்கொண்டு, “ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். ஆய்வுப்பொருள் ‘ஆ’, அவருடைய மகன், என் மச்சான், டொரண்டோவிலிருந்து முதல்நாள் வந்தவன். மேலில் சட்டையில்லை. பனைவிசிறியால் விசிறியபடி, “என்ன வெக்கையப்பா இது!” என்றான். ஒரே திண்ணை, ஒரே காற்று, ஒரே இரத்தம்.

முன்னோர் ஆய்வுகளைப் பார்க்கவேண்டியது மரபு. ஜான் லொக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1690இல் வெளிவந்த நூலில், ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மற்றக் கைக்குக் குளிராகவும் படக்கூடும் என்று எழுதினார். ஒரு கையை முன்கூட்டியே சுடுநீரிலும் மற்றதைக் குளிர்நீரிலும் வைத்திருந்தால் போதும். அவருக்கு இரண்டு கை தேவைப்பட்டது. எமக்குத் தகப்பனும் மகனும் கிடைத்தார்கள்.

காரணம் தோலின் குணம். நம் தோல் மீன் வியாபாரியைப் போன்றது. இன்றைய விலை என்ன என்பதில் அதற்கு அக்கறை குறைவு. நேற்றையதைவிட ஏறியதா இறங்கியதா என்பதுதான் கேள்வி. தோலின் சூடு ஏறத்தாழ 30 பாகைக்கும் 36 பாகைக்கும் இடையில் நிலைத்துவிட்டால், சற்று நேரத்தில் சூடுமில்லை, குளிருமில்லை என்று அது வாயை மூடிக்கொள்ளும்.

இதைக் களத்தில் சோதிக்கக் கன்னியாவைவிடத் தோதான ஆய்வுகூடம் கிடையாது. திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீற்றரளவு போனால் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் நிலத்தைக் குத்திய இடங்கள் என்பது ஐதீகம். மழைநீர் பாறைப் பிளவுகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது என்பது புவியியல். கன்னியா யாருடையது என்ற வாதத்தின் சூட்டை அளக்கும் கருவி எம்மிடம் இல்லை.

கிணறுகள் சதுரமானவை, அடி தெரியுமளவு ஆழம் குறைந்தவை. உள்ளே இறங்காமல் வாளியால் மொண்டு ஊற்றுவதுதான் முறை. ஏழும் ஏழு விதச் சூடு. நாம் பதிந்த தரவு இது: முதல் வாளிக்கு மச்சான் “ஆவ்!” என்று துள்ளினான், முழங்கை மயிர் குத்திட்டு நின்றது. சுடுநீர் பட்டும் புல்லரிக்கும் என்பது விசித்திரம்தான், ஆனாலும் கண்ணால் கண்டது. இரண்டாவது வாளிக்கு “ம்.” நாலாவதுக்கு, “இது ஆறிப்போச்சு மச்சான், அடுத்த கிணத்துக்குப் போவம்.” கிணறு ஆறவில்லை, அவன்தான் சூடேறிவிட்டான். எந்தக் கிணறு கூடச் சுடும் என்று குடும்பங்கள் சண்டை பிடிப்பதும் இதனால்தான். எல்லாரும் வேறு வேறு கிணற்றில் தொடங்கியவர்கள்.

கூடச் சுடும் கிணறும் 40 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். அது முக்கியம். 43 பாகையளவில் நரம்பு நுனியில் ஒரு கதவு திறந்து ‘நோகுது’ என்று செய்தி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளும் அதே கதவைத்தான் தட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே நண்டுக்கறி வாயில் பட்டதும் மாமா “சுடுகுது” என்பது உவமை அல்ல, உடற்றொழிலியல்.

இனி வியர்வை. 1775இல் வெளியான அறிக்கையின்படி, சார்ள்ஸ் பிளாக்டன் என்பவர் 120 பாகையைத் தாண்டிய அறைக்குள் போய்ச் சில நிமிடம் நின்றுவிட்டு உயிரோடு வெளியே வந்தார். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சி வெந்துபோயிற்று. காற்று காய்ந்திருந்தது, அவர் வியர்த்தார். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். எங்கள் கரையில் அந்த வித்தை பலிக்காது. காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் முதுகில் ஒழுகி வீணாகிறது. விதிவிலக்கு கச்சான் காற்று. தென்மேற்குப் பருவத்தில் மழையை மலைநாட்டின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இறங்கும்போது காய்ந்து கொதித்து வருவது அது. கொடியில் போட்ட சாரம் அரைமணியில் மொறமொறக்கும். வேர்வை தெரியாது, நாக்குத்தான் வரளும். (வறுத்துத் தின்கிற கச்சானுக்கும் இதற்கும் உறவு இல்லை. அதற்குத் தனிக்கட்டுரை வேண்டும்.) கச்சான் வீசும் நாளில் மாமா கொதிக்கக் கொதிக்கப் பிளேன் டீ குடிப்பது அறியாமையல்ல. சூடான பானம் வியர்வையைக் கூட்டும், கச்சான் அதை உறிஞ்சும்.

ஆய்வின் முடிவில் ஒரு சிக்கல். வெக்கையில் பத்துப் பதினாலு நாள் கிடந்தால் உடம்பு பழகிவிடும்: முந்தி வியர்க்கும், கூட வியர்க்கும், வியர்வையில் உப்புக் குறையும். பதினைந்தாம் நாள் விடியப்புறம் திண்ணைக்குப் போனேன். வெப்பமானி அதே 24. மச்சான் குந்தியிருந்தான், தலையில் மாமாவின் துவாய்.

“அதைக் கழட்டித் தாடா தம்பி,” என்றார் மாமா, “எனக்குக் குளிருது.”